நாணும் நாரும்: விளையாட்டு வீரரின் கட்டைவிரல் காயங்கள்

மொழியியல் கற்றவனுக்கும் கட்டைவிரலுக்கும் என்ன தொடர்பு என்று இத்தலைப்பைக் கண்ட நண்பர் ஒருவர் வினவினார். என் வலக்கையை நீட்டிக் காட்டினேன். 1979ஆம் ஆண்டில், பல்கலைக்கழக மாணவனாக இருந்தபோது, ஹாக்கி ஆட்டத்தில் மட்டையைப் பிடித்த பிடி விடாமல் தரையில் விழுந்தேன். கட்டைவிரலின் அடி வீங்கிற்று. மருந்தகம் ஒன்றில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, "எலும்பு முறியவில்லை, நரம்புதான் பிசகியிருக்கிறது" என்றனர். நரம்பு பிசகினால் எண்ணெய் தேய்த்து உருவிவிட வேண்டும் என்பது எங்கள் வீட்டு மருத்துவம். மூன்று வாரம் அவ்வாறே செய்தனர். வீக்கம் வற்றியது, வலியும் குறைந்தது. விரல் மட்டும் பழைய விரலாக இல்லை. சாவியைத் திருகும்போதும், புட்டியின் மூடியைத் திறக்கும்போதும், முப்பதாண்டுக் காலம் கரும்பலகையில் எழுதச் சுண்ணக்கட்டியை அழுத்திப் பிடித்தபோதும் அது ஒருபுறமாகச் சாய்ந்து நழுவியது. அங்கே அறுந்திருந்தது நரம்பு அன்று என்பதை நான் அறிந்துகொண்டபோது எனக்கு வயது ஐம்பதைக் கடந்திருந்தது.

ஆகவே இக்கட்டுரையில் உடற்கூற்றுச் செய்தியும் சொல் பற்றிய செய்தியும் கலந்தே வரும். நான் மருத்துவன் அல்லன். ஆயினும் ஒரு சொல்லின் பிழையால் ஒரு விரலின் பிடியை இழந்தவன் என்ற முறையில் இதைப் பேசுவதற்கு எனக்குச் சிறிது உரிமை உண்டு.

முதலில் விரலின் பெயரைப் பார்ப்போம். தமிழில் இதற்குக் கட்டைவிரல், பெருவிரல் என்று இரு பெயர்கள் வழங்குகின்றன. இரண்டும் பொருத்தமானவையே. மற்ற நான்கு விரல்களிலும் மும்மூன்று எலும்புகள் இருக்க, இவ்விரலில் இரண்டே உள்ளன. ஆதலால் அது குட்டை. பருமனால் அது பெரிது. கன்னடத்தார் இதனை 'ஹெப்பெரளு' என்பர். சொல்லின் முதலில் நின்ற பகரம் கன்னடத்தில் ஹகரமாகத் திரியும் என்பதை அறிந்த மாணவருக்கு, அது நம் பெருவிரலே என்பது உடனே விளங்கும். மலையாளத்தில் 'தள்ளவிரல்'. தள்ளை என்றால் தாய். பழந்தமிழிலும் அச்சொல் உண்டு. இனி, நம் அண்டை வீட்டு மலாய் மொழியில் இவ்விரலின் பெயர் 'இபு ஜாரி', அதாவது விரல்களின் தாய். உறவில்லாத இரு மொழிகள் ஒரே உருவகத்தைத் தனித்தனியே கண்டெடுத்திருக்கின்றன என்றே நான் கருதுகிறேன். மற்ற நான்கையும் எதிர்கொண்டு தழுவும் விரல் அது ஒன்றே என்பதைப் பார்த்தவர்களுக்கு அவ்வாறு பெயரிடத் தோன்றியதில் வியப்பில்லை.

அவ்வாறு எதிர்கொள்ளும் திறன் மூன்று மூட்டுகளின் கூட்டு வேலையால் அமைகிறது. மணிக்கட்டை ஒட்டிய அடிமூட்டு குதிரைச் சேணம் போன்ற வடிவுடையது. விரல் எல்லாத் திசைகளிலும் சுழன்று வருவது பெரும்பாலும் அதனால்தான். நுனிமூட்டு வெறும் மடக்குக் கீல். நம் பேச்சுக்குரியது இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள நடுமூட்டு. உள்ளங்கை எலும்பும் விரலின் முதல் எலும்பும் சந்திக்கும் இடம் அது. அது முன்னும் பின்னும் மடங்கலாம். பக்கவாட்டில் சாயக் கூடாது. சாயாமல் காப்பவை இருபுறமும் ஓர் எலும்பிலிருந்து மற்றோர் எலும்புக்குக் கட்டிய இரு குறுகிய நார்க்கட்டுகள். சுட்டுவிரலை நோக்கிய பக்கத்தில் உள்ள கட்டே அதிகம் அறுபடுவது. ஒரு தாளைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் இறுகப் பிடித்து, மறுகையால் இழுத்துப் பாருங்கள். அந்த இழுப்பைத் தாங்கி நிற்பது இக்கட்டுத்தான்.

இங்கே சொற்சிக்கல் தொடங்குகிறது. உடலில் இழைபோன்ற உறுப்புகள் பல. தசையை எலும்போடு பிணைத்து, தசை சுருங்கும்போது எலும்பை இழுப்பது ஒன்று. எலும்பை எலும்போடு கட்டிவைத்து, மூட்டு நிலைகுலையாமல் காப்பது மற்றொன்று. மூளையின் செய்தியைக் கொண்டுசெல்வது வேறொன்று. இரத்தத்தை ஏந்திச் செல்வது இன்னுமொன்று. நம் பேச்சுவழக்கில் இந்நான்குக்கும் 'நரம்பு' என்ற ஒரே சொல் போதுமானதாக இருந்துவந்திருக்கிறது. ஊசி போடும் தாதி தேடுவதும் நரம்பு. கெண்டைக்காலில் இழுப்பதும் நரம்பு. யாழில் கட்டி மீட்டியதும் நரம்பே. மலாயில் 'ஊராட்' என்ற சொல்லும் இதே அளவு தாராளமானது. இரத்தக் குழாய்க்கும் தசையின் இழைக்கும் அது பொதுவாக வழங்கும். கிரேக்கத்தில் 'நியூரோன்' என்பது முதலில் தசையின் இழையையும் வில்லின் நாணையும் குறித்த சொல். பின்னரே அது செய்தி கொண்டுசெல்லும் நரம்புக்கு உரியதாயிற்று. அறுத்துப் பார்த்து வேறுபடுத்திய பின்னரே சொல்லும் வேறுபடும். ஆகவே நம் முன்னோரைக் குறைகூற வேண்டியதில்லை. வேறுபடுத்திய பிறகும் நாம் பழைய சொல்லையே புழங்கிக்கொண்டிருந்தால் அது நம் குறை.

தசையை எலும்போடு பிணைப்பதற்குத் தமிழில் 'தசைநாண்' என்ற சொல் ஆக்கப்பட்டது. மிகச் சிறந்த ஆக்கம் என்பேன். வில்லின் நாண் போல அது இழுவிசையைக் கடத்துகிறது. எலும்பை எலும்போடு கட்டுவதைப் பலர் 'தசைநார்' என்கின்றனர். எனக்கு இதில் உடன்பாடில்லை. அந்த நார் தசையைத் தொடுவதே இல்லை. பின் தசைக்கு அதன் பெயரில் என்ன இடம்? நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கங்களிலோ இரண்டுக்குமே 'தசைநார்க் கிழிவு' என்று எழுதிவிடுகின்றனர். காயம் எது, மருத்துவம் எது என்று படிப்பவர் அறிய வழியில்லாமல் போகிறது. இக்கட்டுரையில் முன்னதை நாண் என்றும் பின்னதைப் பிணைநார் என்றும் சொல்லிச் செல்கிறேன். நாண் இழுக்கும், பிணைநார் கட்டும். இவ்வளவு நினைவிருந்தால் போதும்.

பிணைநார்க் காயத்துக்கு மருத்துவ உலகம் இட்ட பழைய பெயரில் விளையாட்டு வீரர் இல்லை; வேட்டைக்காட்டுக் காவலரே இருக்கிறார். ஸ்காட்லாந்தில் பெருநிலக்கிழார்களின் வேட்டைக்காடுகளைக் காத்துவந்தவர்கள், அடிபட்ட முயலைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் கழுத்தைப் பற்றி முறித்துக் கொல்வது வழக்கம். ஆண்டுக்கணக்கில் இதைச் செய்ததால் அவர்களுடைய நடுமூட்டின் பிணைநார் மெல்ல மெல்ல நெகிழ்ந்து தளர்ந்தது. கேம்பெல் என்னும் மருத்துவர் 1955இல் இதனை விளக்கி எழுதினார். 'வேட்டைக் காவலர் கட்டைவிரல்' என்ற பெயர் நிலைத்தது. பின்னர் பனிச்சறுக்கு பெருகியபோது அதே இடம் ஒரே நொடியில் அறுபடலாயிற்று. சறுக்குக் கோலைப் பிடித்தபடி விழுபவரின் கட்டைவிரலைக் கோல் வெளிப்புறமாக நெம்பிவிடும். 'சறுக்குவீரர் கட்டைவிரல்' என்ற இரண்டாம் பெயர் அதனால் வந்தது. பனியையே காணாத ஊரில் ஹாக்கி மட்டையால் எனக்கு நேர்ந்ததும் இதுவே. காவலருக்கு நேர்ந்தது தேய்வு, சறுக்குவீரருக்கு நேர்வது அறுவு. பெயர்கள் கலந்து வழங்கினாலும் இவ்வேறுபாட்டை மறக்கலாகாது.

அண்மைக் காலத்தில் இக்காயத்தைப் பலரறியச் செய்தவர்கள் அமெரிக்க விளையாட்டு வீரர்கள். பேஸ்பால் ஆட்டத்தின் தலைசிறந்த வீரர்களுள் ஒருவரான மைக் டிரௌட், 2017 மே 28 அன்று மயாமியில் ஆடியபோது இரண்டாம் தளத்தை நோக்கித் தலைமுன்னாகப் பாய்ந்து சறுக்கினார். இடக்கைக் கட்டைவிரல் தளத்தில் மோதி வளைந்தது, பிணைநார் அறுந்தது. மூன்றாம் நாள் அறுவை மருத்துவம் நடந்தது. 39 ஆட்டங்களை இழந்து, ஜூலை 14 அன்று மீண்டும் களமிறங்கினார். இன்று தளங்களுக்கிடையே ஓடும் வீரர்களுள் பலர் கையில் சமையலறைக் கையுறை போன்ற ஒரு தடித்த உறையை மாட்டியிருப்பதைத் தொலைக்காட்சியில் காணலாம். விரல்கள் தளத்தில் சிக்கி வளையாமல் காப்பது அதன் பணி.

டுரூ பிரீஸ் என்பவரின் நிலை இதனினும் கடுமையானது. அமெரிக்கக் காற்பந்தில் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தியவர் அவர். காயம்பட்டதோ எறியும் வலக்கை. 2019 செப்டம்பர் 15 அன்று, நாற்பது வயதில், பந்தை எறிந்த கை எதிரணி வீரரின் கையில் மோதியது. மைதானத்தின் ஓரத்தில் அவர் பந்தை எடுத்துப் பிடிக்க முயன்றார், பிடிக்க முடியவில்லை. அறுவைக்குப் பின் ஐந்து ஆட்டங்களை மட்டும் இழந்து அக்டோபர் 27 அன்று திரும்பினார். ஆறே வாரம்.

இந்த ஆறு வாரக் கணக்கைக் கேட்டு மாணவர்கள் மயங்க வேண்டா. நாள்தோறும் உடனிருந்து பயிற்சி தரும் உடலியக்க மருத்துவர்களும், கைக்கு அளவெடுத்துச் செய்த காப்புகளும் அவர்களுக்கு உண்டு. மற்றவர்களுக்கு முழு வலிமையோடு பற்றவும் மோதல் மிகுந்த ஆட்டத்திற்குத் திரும்பவும் பொதுவாக மூன்று மாதம் ஆகும்.

அறுந்த பிணைநார் எல்லாவற்றுக்கும் அறுவை வேண்டுமா? வேண்டியதில்லை. பகுதியளவு கிழிந்திருந்தால் கட்டைவிரலை அசையாதபடி நான்கு முதல் ஆறு வாரம் காப்பிட்டு வைத்தால் தானாகவே ஒட்டிக்கொள்ளும். முழுமையாக அறுந்தால்தான் சிக்கல். அதற்குரிய காரணத்தைக் கண்டறிந்தவர் சுவீடன் நாட்டு மருத்துவர் பெர்ட்டில் ஸ்டேனர். 1962இல் அவர் வெளியிட்ட ஆய்வு, என் பார்வையில், இத்துறையின் மிக அழகான கண்டுபிடிப்பு.

கட்டைவிரலை உள்ளங்கையை நோக்கி அணைக்கும் தசையொன்று உண்டு. அதன் முனை ஒரு தகடு போல விரிந்து பிணைநாருக்கு மேலே படர்ந்திருக்கும். விரல் வலிந்து வெளிப்புறம் வளையும்போது பிணைநார் பெரும்பாலும் விரலெலும்பின் பக்கத்தில்தான் பிய்த்துக்கொள்கிறது. வளைந்த விரல் மீண்டும் நேராகும்போது, பிய்ந்த முனை அந்தத் தகட்டின் விளிம்புக்கு வெளியே மடங்கி நின்றுவிடலாம். இடைவாருக்கு வெளியே வந்துவிட்ட சட்டையின் முனையை எண்ணிக்கொள்ளுங்கள். வாரை எவ்வளவு இறுக்கினாலும் அது தானாக உள்ளே போகாது. அதுபோலவே பிணைநாரும் அது ஒட்டவேண்டிய எலும்பும் நடுவே ஒரு திரையால் பிரிக்கப்பட்டுவிடுகின்றன. எத்தனை வாரம் காப்பிட்டாலும் அவை சேரா. உருவிவிட்டாலோ சொல்லவே வேண்டியதில்லை. என் விரலில் மூன்று வாரம் எண்ணெய் தேய்த்தவர் அன்போடுதான் தேய்த்தார். ஆனால் அவர் தேய்த்தது அந்தத் திரையின் மேல். (மலாயின் 'உருத்' நம் 'உருவு' என்பதோடு ஒலியால் ஒத்திருப்பதை மாணவர்கள் அடிக்கடி சுட்டுவர். ஒலி ஒப்புமை மட்டும் கண்டு உறவு பேசுவது என் துறையில் பெருங்குற்றம் என்று அவர்களிடம் சொல்வதுண்டு.)

முழு அறுவா, பகுதி அறுவா என்பதை மருத்துவர் கையாலேயே பெரும்பாலும் அறிவார். முதலில் எக்ஸ்ரே எடுத்து எலும்பு முறிவு இல்லை என்று தெளிவார். பிறகு மூட்டை நேராக வைத்தும் சற்று மடக்கியும் விரலை மெல்லப் பக்கவாட்டில் சாய்த்துப் பார்ப்பார். ஏறத்தாழ 30 பாகைக்கு மேல் சாய்ந்தாலோ, மறுகையின் விரலைவிட 15 பாகைக்கு மேல் கூடுதலாகச் சாய்ந்தாலோ, முழு அறுவு என்று ஐயுறுவார். ஐயம் நீங்காவிடின் கேளா ஒலிப் படமோ காந்த அதிர்வுப் படமோ உதவும். ஆசிரியர்கள் அறிந்திருக்க வேண்டிய ஒரு செய்தி உண்டு. வளரும் பருவத்துப் பிள்ளைகளிடம் பிணைநாரைவிட எலும்பின் வளர்முனையே வலுக்குறைந்தது. ஆதலால் நார் அறுவதற்குப் பதில், அது பற்றிய எலும்புத் துண்டே பெயர்ந்து வரலாம். ஆகவே படம் எடுப்பதற்கு முன் மைதானத்தில் யாரும் விரலைச் சாய்த்தோ இழுத்தோ சோதிக்கலாகாது.

அறுவை மருத்துவம் நீண்டதன்று. நடுமூட்டின் ஓரத்தில் சிறிய கீறல் இடுவர். அவ்விடத்தில் தோலுக்கு அடியில் முதலில் எதிர்ப்படுவது ஒரு நரம்பு. இம்முறை உண்மையான நரம்பு. கட்டைவிரலின் மேற்புறத்துக்கு உணர்வு தரும் மெல்லிய கிளை அது. அதைப் பாதுகாப்பாக ஒதுக்கி வைத்த பின்னரே மேலே செல்வர். சேதமுற்றால் அவ்விடம் மரத்துப்போகும் அல்லது தொட்டால் சுரீரென்னும். அடுத்து, அணைப்புத் தசையின் தகட்டைப் பிளந்து, வெளியே மடங்கி நின்ற பிணைநாரைக் கண்டெடுத்து உள்ளே கொண்டுவருவர். விரலெலும்பில் ஒரு சிறு துளையிட்டு, சில மில்லிமீட்டர் அளவேயுள்ள ஒரு நங்கூரத்தைப் பதிப்பர். நூல் கோத்த அந்நங்கூரத்தைக் கொண்டு நாரின் முனையை எலும்போடு இறுகக் கட்டுவர். பிளந்த தகட்டைத் தைத்து மூடுவர். அண்மை ஆண்டுகளில், கட்டிய நாருக்கு மேலே வலுவான தையல் நாடா ஒன்றையும் இரு எலும்புகளுக்கும் இடையே பொருத்துகின்றனர். நார் ஒட்டும் வரை சுமையை நாடா ஏற்பதால் விரலை முன்கூட்டியே அசைக்கத் தொடங்க முடிகிறது. அறுவைக்குப் பின் சுமார் நான்கு வாரம் காப்பு. நுனிமூட்டு மட்டும் அசையலாம். அதன்பின் பயிற்சி. திருகுவதும் கிள்ளிப் பிடிப்பதும் கடைசியாகவே அனுமதிக்கப்படும்.

இவையெல்லாம் காயம்பட்ட முதல் சில வாரங்களுக்குள் வந்தவர்களுக்கு. காலம் தாழ்ந்தால் நார் சுருங்கித் தழும்பாகிவிடும். இழுத்துக் கட்டினாலும் எட்டாது. அப்போது வேறொரு நாரை வரவழைக்க வேண்டியுள்ளது. எங்கிருந்து? கட்டைவிரலும் சிறுவிரலும் தொடுமாறு சேர்த்து, மணிக்கட்டைச் சற்று உட்புறம் மடக்குங்கள். மணிக்கட்டின் நடுவே ஒரு கயிறு போலப் புடைத்து எழுவது ஒரு தசையின் நாண். உங்களுள் சிலருக்கு அது தெரியாமலும் இருக்கலாம். பிறவியிலேயே அது இல்லாதவர்கள் உலகில் பலர், அவர்களுக்கு அதனால் ஒரு குறையும் இல்லை. இல்லாமலேயே வாழ முடிகிற அந்த நாணை எடுத்து, இரு எலும்புகளிலும் துளையிட்டு நுழைத்து, புதிய பிணைநாராகக் கட்டுவர். நேற்றுவரை நாணாக இருந்தது இன்று நார்! பெயர் பொருளால் அமைவதா, அது செய்யும் பணியால் அமைவதா என்று வகுப்பில் நான் எழுப்பி வந்த வினாவுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை. இதற்கும் காலம் கடந்து, மூட்டின் பரப்பே தேய்ந்துவிட்டால், இரண்டு எலும்புகளையும் ஒன்றாக இணைத்து மூட்டை அசைவற்றதாக்குவதே எஞ்சிய வழி. வலி போகும், பிடிப்பு வரும். மடங்குதல் மட்டும் போய்விடும்.

நாண்களின் காயம் பற்றியும் சில சொல்ல வேண்டும். முன்கையிலிருந்து கட்டைவிரலுக்கு நான்கு நீண்ட நாண்கள் வருகின்றன. ஒன்று மடக்குவது, மற்ற மூன்றும் நிமிர்த்தவும் விலக்கவும் உதவுபவை. விலக்கும் நாணும் நிமிர்த்தும் குறுநாணும் மணிக்கட்டின் ஓரத்தில் ஒரே குறுகிய உறைக்குள் செல்கின்றன. மட்டையைச் சுழற்றும் ஆட்டங்களில் அவ்வுறை தடித்து நாண்களை நெருக்கும். சுவிட்சர்லாந்தின் ஃபிரிட்ஸ் டி கெர்வெய்ன் 1895இல் விளக்கிய நோய் இது. ஓய்வும் காப்பும் ஊசி மருந்தும் பெரும்பாலும் போதும். போதாதபோது உறையைக் கீறித் தளர்த்துவர். பச்சிளங் குழந்தையைத் தூக்கும் தாய்மார்க்கும் இது வரும் என்பதால் விளையாட்டுக்கு மட்டும் உரியதன்று.

நிமிர்த்தும் நீள்நாணின் கதை வேறு. அது மணிக்கட்டில் ஒரு சிறு எலும்பு முகட்டைச் சுற்றி, கப்பியில் ஓடும் கயிறுபோலத் திரும்பிச் செல்கிறது. உராய்ந்து உராய்ந்து அறுவதற்கு அதுவே காரணம். பிரஷ்யப் படையின் முரசறைவோரிடம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இதைக் கண்டனர். இன்று பெரும்பாலும் மணிக்கட்டெலும்பு முறிந்து சில வாரம் கழித்தே இது நேர்கிறது. அதுவும் எலும்பு விலகாத எளிய முறிவில்! கையைக் கட்டி, ஆறிவிட்டது என்று மகிழ்ந்திருக்கும் வீரர் ஒரு காலை கட்டைவிரலை நிமிர்த்த முடியாமல் திகைக்கிறார். வலிகூட அதிகம் இராது. உராய்ந்து நைந்த முனைகளை நேரடியாகத் தைக்க இயலாததால், சுட்டுவிரலை நிமிர்த்தும் இரு நாண்களுள் ஒன்றைத் திருப்பிக் கட்டைவிரலோடு இணைக்கின்றனர். சுட்டுவிரல் மற்றொன்றைக் கொண்டு தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும். சுட்டுவிரலுக்கென இட்ட கட்டளை கட்டைவிரலை உயர்த்துவதை மூளை சில வாரங்களில் கற்றுக்கொள்கிறது.

பள்ளி மைதானத்தில் ஒரு மாணவி பந்தைப் பிடிக்கப் போய்க் கட்டைவிரலைப் பற்றிக்கொண்டு வருகிறாள் என்று கொள்வோம். காயப் பதிவேட்டில் நாம் எழுதுவது பெரும்பாலும் 'சுளுக்கு' என்ற சொல். அச்சொல் எழுதப்பட்டவுடன் வீட்டில் எண்ணெய் காய்ச்சப்படுகிறது. அதற்குப் பதில் 'கட்டைவிரல் நடுமூட்டில் அடி; சுட்டுவிரல் பக்கம் வீக்கம்; கிள்ளிப் பிடிக்க முடியவில்லை; பிணைநார் ஐயம்' என்று எழுதினால் பெற்றோர் அதை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குச் செல்வர். பனிக்கட்டி ஒற்றடம் கொடுத்து, கட்டைவிரலை அட்டையோ மரத்துண்டோ வைத்து அசையாமல் கட்டி, அந்த வாரத்திற்குள் கை மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். வீக்கம் வற்றியதைக் குணம் என்று கொள்ளாதீர்கள், எனக்கும் வற்றியது.

என் மூட்டு இப்போது தேய்ந்துவிட்டது. இணைத்து அசைவற்றதாக்கலாம் என்று மருத்துவர் கூறியிருக்கிறார். நான் இன்னும் முடிவு செய்யவில்லை. இக்கட்டுரையின் முதற்படியைக் கட்டைவிரலில் காப்பு மாட்டிக்கொண்டு கையால் எழுதினேன். பக்கத்துக்கு இருமுறை பேனாவைக் கீழே வைக்க வேண்டியிருந்தது.